ஏழுக்கு நடுவில் ஒரு கோடு

நவம்பர் 12, செவ்வாய்

ஹம்பேர்க்கில் மழை. நாலரைக்கே இருட்டு.

திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். மீதி: படம் 4, நன்றியுரை. மாத முடிவில் வேலை ஒப்பந்தம் முடிகிறது, விசாவும் அதோடுதான்.

நமீபியாப் பாலைவன அணையில் கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்தோம். முதல் வருடம் ஆய்வில் என் கூட்டாளி லூக்காஸ், அடுத்த வருடம் நான். கணினியில் ஏற்றியது முழுக்க அவன். அவன் வருடம் 170 செ.மீ.க்கு மேல், என் வருடம் 110 சொச்சம். புழுதி விழுந்து நீர் கலங்கிவிட்டது, அடியில் ஒளி இல்லை. நாலு வருட உழைப்பும் இந்த ஒரு வரிதான்.

வெங்காயம் வாங்க மறந்தேன்.

நவம்பர் 14, வியாழன்

பின்னிணைப்புக்கு என் களக் குறிப்பேட்டில் ஒரு பக்கம் கேட்டார் பேராசிரியர். கிணறு வெட்டப் பூதம்.

என் கையெழுத்தில் 174. அட்டவணையில் 114. என் 178, அங்கே 118. மூன்று குறிப்பேடும் அப்படியே.

இங்கே ஏழுக்கு நடுவில் கோடு போடுவார்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் போடுவதில்லை. என் 7 எல்லாம் லூக்காஸ் கண்ணுக்கு 1.

தண்ணீர் கலங்கவே இல்லை.

நீரடி வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானியும் மணல் புகுந்து முதல் வாரமே போனது. சரிபார்க்க வேறு எதுவும் இல்லை. படகில் இருந்து அம்மாவிடம், "நல்ல தெளிஞ்ச தண்ணியம்மா" என்று போனில் சொன்னது நானேதான். என் கண்ணை நம்பாமல் அட்டவணையை நம்பினேன். மடைச்சி.

நவம்பர் 15, வெள்ளி

குறிப்பேட்டைக் காட்டினேன். லூக்காஸ் முகம் வெளிறி, "உன்னிடம் கேட்டிருக்க வேண்டும்" என்றான். பாவம். நானும் ஒருமுறை ஒப்பிட்டிருக்கலாம்.

என் பக்கத்துக்குப் பதில் அவன் குறிப்பேட்டுப் பக்கம் ஒன்றை இணைத்தால் யாருக்கும் தெரியாது. பகல் முழுக்க இதே நினைப்பு. வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கார செல்வி அக்கா: "ஏன் பிள்ளை, ஒண்டும் சாப்பிடேல்லை?"

"பசிக்கேல்லை அக்கா."

"திங்கள் குடுத்தா முடிஞ்சுதுதானே. கேசரி கிண்டுறன், கூட்டாளியளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

ஓம் என்றேன்.

நவம்பர் 17, ஞாயிறு

பேராசிரியருக்கு எழுதிவிட்டேன், எல்லாவற்றையும். பத்து நிமிடத்தில் பதில்: "நாளை எதையும் கொடுக்க வேண்டாம்." வேறு ஒரு வார்த்தை இல்லை.

கீழே ரவை வறுக்கும் வாசம். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மாவிடமும்.

மேலே தேதியில் ஏழுக்குக் கோடு போட்டிருக்கிறேன். கை தானாகப் போட்டிருக்கிறது, இப்போது.