தோணிக்காரன் சொன்னது

மச்சாள்,

போன செவ்வாய்க்கிழமை மாமி உன் கொன்ட்ரோலரை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தார். உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து அறையை ஒதுக்கும்போது கிடைத்ததாம். "இதுவும் உங்கட கேம் சாமான்தானே புள்ள, நீயே வெச்சிக்க" என்றவர், தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போய்விட்டார். டின்னைத் திறந்ததும் தைல வாசம் முகத்தில் அடித்தது. காலையிலிருந்து தைத்துக் கை உளைந்தால் மணிக்கட்டில் தைலம் பூசிக்கொண்டுதான் நீ விளையாட உட்காருவாய். இருபத்தொன்பது வயதில் கிழவி வாசம் அடிக்குது என்று நான் பகிடி பண்ணுவேன். அந்த வாசம் அந்தப் பிளாஸ்டிக்கை விட்டு இன்னும் போகவில்லை.

டின்னை மூடி அலுமாரியில் வைத்திருக்கலாம். ஆனால் செத்தவீட்டுக்குப் பிறகு மாமி என்னிடம் தந்துவிட்ட கேம் மெஷினில், நாம் கடைசியாக விளையாடியதைப் போட்டுப் பார்த்தேன். உனக்கு நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். நீ அதை அப்போதே சந்தேகப்பட்டாய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் கட்டாரிலிருந்து கொண்டுவந்த பழைய கேம் மெஷின் அது. அவன் திரும்பிப் போனதும் நாம் இரண்டு பேரும் அதைச் சொந்தமாக்கிக்கொண்டோம். பாசிக்குடா ஹோட்டலில் எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் லீவு. மத்தியானச் சோறு தின்ற கையோடு செட்டிபாளையத்திலிருந்து சைக்கிளில் குருக்கள்மடம் வந்துவிடுவேன். உன் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் டிவி. வெட்டிப்போட்ட துணிகளை ஒதுக்கி எனக்கு ஓரிடம் வைத்திருப்பாய்.

வேலையை நாம் பிரித்துக்கொண்ட விதம் உனக்கு நினைவிருக்கும். கை உன்னுடையது, வாய் என்னுடையது. எனக்குச் சண்டை வராது, உனக்கு இங்கிலீஷ் வராது. திரையில் ஆட்கள் பேசுவதை நான் தமிழில் சொல்வேன். சொல்லி முடித்து "ம்" என்றால், நீ பட்டனை அமத்தி அடுத்த பேச்சுக்குப் போவாய். ஒவ்வொரு ஆள் வரும்போதும் நீ கேட்கிற கேள்வி ஒன்றுதான். "இவன் என்னவாம்?"

நான் பெரும்பாலும் சொன்ன பதில், "ஒண்டுமில்லயாம். ம்."

ஹோட்டலில் பழகின புத்தி அது. வெள்ளைக்காரன் கால் மணித்தியாலம் முறைப்பாடு சொல்வான். நான் குசினிக்குப் போய் "உப்புக் கூடவாம்" என்பேன். வேலை நடக்கும். அதே கெட்டித்தனத்தை உன் கதையிலும் காட்டினேன். எனக்கு அவசரம் வேறு. நாலைந்து வாரத்தில் விளையாட்டை முடித்து என் சேனலில் விமர்சனம் போட வேண்டும். தமிழில் கேம் விமர்சனம் செய்கிற பெண் என்று நாலு பேர் என்னைத் தெரிந்து வைத்திருந்தார்கள், அந்தத் தலைக்கனமும் இருந்தது. கதாநாயகனோடு கூட வருகிறவர்களையும் வில்லன்களையும் எவ்வளவு ஆழமாக எழுதியிருக்கிறார்கள் என்று நிறுப்பதுதான் என் தனித்திறமை என்று நானே சொல்லிக்கொள்வேன்.

உண்மையில் அந்தத் தராசு உன்னுடையது. கடைக்காரனோ காவல்காரனோ, யாரைக் கண்டாலும் நீ யோசிப்பாய். "இவன் நம்மளப் பாத்துக்கிட்டு மட்டும் நிக்கானா, இவனுக்கு வேற சோலி இரிக்கா?" வில்லனைப் பற்றியும் உனக்கு ஒரு கணக்கு இருந்தது. "கெட்டவனுக்கும் வீட்டில ஏசுறத்துக்கு ஒரு ஆள் இரிக்கணும்கா. இல்லாட்டி அவன் சும்மா பொம்மதான்." இரண்டையும் நான் என் வார்த்தைகளாகச் சேனல் வீடியோவில் சொன்னேன். நீ பார்த்தாய், சிரித்தாய், ஒன்றும் கேட்கவில்லை. உன் பேரை ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே என்று இப்போது என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

நாம் கடைசியாக விளையாடிய அந்த ஏரி விளையாட்டில் வில்லி ஒரு கோட்டைக்காரி. ஏரியின் மதகுகளைப் பூட்டி ஊர்களைக் காயவிட்டவள். அவளிடம் போக ஏரியைக் கடக்க வேண்டும். கடத்திவிடுகிறவன் ஒரு கிழட்டுத் தோணிக்காரன். அவனை உனக்கு முதல் நாளே பிடித்துப்போனது. தோணியில் ஏறியதும் நீ திரைக்குக் கிட்டப் போய்க் குந்தினாய்.

"மச்சாள், இவன்ட சட்டத் தோள்ல ஒரு ஒட்டு இரிக்கு, பாரு. அந்தத் துணியும் கோட்டைக்காரிட கைக்கரையும் ஒண்டுதான். கையால தச்சது. தச்சவளுக்கு நல்ல கை."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். படம் கீறுகிறவர்கள் சோம்பலில் ஒரே துணியை எல்லாருக்கும் ஒட்டியிருப்பார்கள் என்றேன். "சோம்பேறி இவ்வளவு நுணுக்கமாத் தைக்க மாட்டான்கா" என்றாய். நான் அதையும் குறித்துக்கொண்டேன், விளையாட்டின் குறைகளில் ஒன்றாக.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. ஹோட்டலில் ஒருத்திக்குச் சுகமில்லை, உடனே வரச்சொல்லி போன். வேன் மெயின் ரோட்டுக்கு வர இருபது நிமிடம். திரையில் தோணிக்காரன் நடு ஏரியில் துடுப்பை வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினான். நான் எழுந்து நின்று தலைமுடியைக் கட்டிக்கொண்டே "ம்" என்றேன். "ம்... ம்..."

"இன்னும் கதைச்சிக்கிட்டு இரிக்கானே மச்சாள். என்னவாம்?"

திரையில் 'காட்டிக்கொடுக்க' என்பதற்கான இங்கிலீஷ் சொல் ஒன்று மட்டும் என் கண்ணில் பட்டது. அது போதும் என்று நினைத்தேன். "நம்மளக் காட்டிக் குடுக்கப் போறானாம். துரோகி. தள்ளி விடு."

இரண்டு தெரிவுகள் வந்தன. தள்ளு, அல்லது கூட்டிப் போ. நீ அமத்தவில்லை. என் முகத்தைப் பார்த்தாய்.

"அவன்ட வாய் எவ்வளவு நேரம் அசஞ்சது. நீ சொன்னது ரெண்டு சொல்லு."

"வேன் வரப்போகுது மச்சாள், அமத்து!"

அமத்தினாய். அவன் தண்ணீருக்குள் போனான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

அடுத்த வாரம் கோட்டைக்காரியைக் கொன்றோம். சாகும்போது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அதை மட்டும் ஒழுங்காகச் சொன்னேன். "அவன் வந்தவனா எண்டு கேக்காள்." யாரை என்றாய். "ஆருக்குத் தெரியும், விசர் புடிச்சவள்" என்றேன். என் விமர்சனத்தில் இது வந்தது. வில்லி சம்பந்தமில்லாமல் யாரையோ விசாரித்துக்கொண்டு சாகிறாள், எழுதினவர்களுக்கே யாரென்று தெரியாது போல, தோணிக்காரனுக்கு வாயும் துடுப்பும் தவிர ஒன்றுமில்லை, துணைப் பாத்திரங்களுக்கும் வில்லிக்கும் பத்துக்கு மூன்று. நிறையப் பேர் சிரிப்பு முகம் போட்டார்கள். நீ எனக்குப் போன் எடுத்தாய்.

"தோணிக்காரனுக்காக ரெண்டு மார்க் கூட்டிப் போடு. நான் அவனத் தள்ளக்குள்ள அவன் கைய நீட்டல்ல மச்சாள். தோள்ல இருந்த ஒட்டத்தான் பொத்திப் புடிச்சான். தோணிக்கு முன்னால கேம நான் சேவ் பண்ணி வெச்சிருக்கன். ஒருக்கா வந்து வடிவா வாசிச்சுச் சொல்லு."

"மறுகா பாப்பம்" என்றேன்.

அந்த மறுகாவுக்குள் மழை வந்தது, உனக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது உன் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. பேச்சு மெலிந்திருந்தது. மாமியின் நித்திரை, தைத்துக் கொடுக்க வேண்டிய பள்ளிக்கூடச் சட்டைகள் என்று என்னவெல்லாமோ கேட்டுவிட்டு, கொஞ்சம் வெட்கப்பட்டாற்போல் சிரித்தாய். "அந்தத் தோணிக்காரன் உண்மையா என்னவாம், மச்சாள்? நான் தள்ளினது சரிதானா?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். போய் வாசித்துவிட்டு நாளைக்கு வந்து சொல்கிறேன் என்றிருக்கலாம், உனக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நான் உன் காலைத் தடவிக்கொண்டு, "ஓம், துரோகிதான். எல்லாம் வாசிச்சன். நீ தள்ளினது சரி" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டு "பாவம்" என்றாய்.

போன செவ்வாய்க்கிழமை நீ சேமித்து வைத்த இடத்தைத் திறந்தேன். தோணி அங்கேயே நின்றது. உன் கொன்ட்ரோலரை என் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கும் "ம்" சொல்லாமல், அவன் பேசியதை முழுக்க வாசித்தேன். இரண்டாம் தெரிவை அமத்தினேன். கோட்டைக்காரி அவன் தோளைப் பார்த்தாள், வாளைக் கீழே வைத்தாள், மதகுகள் திறந்தன. அந்த எழுத்தாளர்கள் அவளை வடிவாகத்தான் வளர்த்திருந்தார்கள். வெட்டிப்போட்டது நான்.

பழைய விமர்சனத்துக்குக் கீழே புதிதாக ஒன்று போட்டேன். வாசிக்காமல் தீர்ப்புச் சொன்னேன் என்றும், அந்தத் துணியை முதலில் கண்டுபிடித்தது என் மச்சாள் என்றும் சொன்னேன், உன் பேரோடு. மார்க் எத்தனை என்று கேட்கிறார்கள். போட மனம் வரவில்லை. ஹோட்டலில் இப்போது குசினிக்காரர் "என்னவாம் மிஸ்?" என்று கேட்டால், வெள்ளைக்காரன் ஏசினதையும் சேர்த்து முழுசாகச் சொல்கிறேன். அவருக்கு அது பெரிய தலையிடி. எனக்கு அவர் கேட்கும்போதெல்லாம் உன் குரல்தான் கேட்கிறது, சுருக்கிச் சொல்லத் துணிவு வருவதில்லை.

உனக்குத் தர வேண்டியதை இனித்தான் தருகிறேன். நடு ஏரியில் துடுப்பை வைத்துவிட்டு அவன் சொன்னது இது:

"உங்களக் காட்டிக் குடுக்கச் சொல்லி ஆள் வந்தது உண்மதான். ஏலாது எண்டு போட்டன். கோட்டையில இரிக்கிறவள் என்ட தங்கச்சி. வெள்ளம் வந்த வருசம் மதகத் திறந்தவன் நான்தான். அந்தத் தண்ணி அவள்ட புள்ளயக் கொண்டு போச்சுது. அதுக்குப் பிறகு அவள் மதகத் தொட ஒருத்தரையும் விடல்ல. இந்த ஒட்டு அதுக்கு முந்தி அவள் அவள்ட சட்டயில வெட்டித் தச்சது. இதக் கண்டா என்னய உள்ளுக்கு விடுவாள். நான் அவளுக்கிட்ட இன்னும் மன்னிப்புக் கேக்கல்ல. கேட்டாப் பிறகு, நீங்க என்னய என்ன செஞ்சாலும் சரி. அங்க போய்ச் சேருமட்டும் என்னத் தள்ளிப் போடாதங்க."

இவ்வளவுதான் மச்சாள். ஒண்டும் விடல்ல.