விரல் பலம் போதும்

மார்ச் 4

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்று சொல்லி மூன்று ஞாயிறு போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக இவள் தன் தங்கை வீட்டுக்காரரைக் கூப்பிடுவதா?

சகலை வந்தார். வாசலோரம் இருந்த மெயின் வால்வை மூடினார் — என் வீட்டில் அது எங்கே இருக்கிறதென்று எனக்கே இன்றுதான் தெரியும். வாஷரை மாற்றினார். பத்தே நிமிடம். "மூடுறப்போ விரல் பலம் போதும் சகலை. நெரிச்சா வாஷர் நசுங்கிடும்" என்று எனக்குப் பாடம் வேறு. இவள் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. எனக்கு வயிறு எரிந்தது.

அவர் போனதும் ஸ்பேனரை வைத்துக் குழாய்ப் பிடியை இன்னும் அரைச் சுற்று இறுக்கினேன். ஏன்? என் வீட்டுக் குழாய். கடைசியாக இறுக்கியது நானாக இருக்கட்டுமே.

மார்ச் 7

கார் கிளம்பவில்லை. பானட்டைத் திறந்து, ஏதோ தெரிந்தவன் மாதிரி உள்ளே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் இவள் சகலைக்கு போனைப் போட்டுவிட்டாள். "பேட்டரி முனையில வெள்ளையாப் பூத்திருக்கும் பாருங்க. கிளிப்பைக் கழட்டி, வெந்நீர் விட்டுத் தேய்ங்க. நல்லாத் துடைச்சுட்டு மாட்டுங்க."

பூத்துத்தான் இருந்தது. கார் கிளம்பியது. வராமலே ரிப்பேர் செய்கிறார் மனுஷன்!

"பாத்தீங்களா, அவருக்குத் தெரியாததே இல்ல" என்றாள். பாத்தேன், பாத்தேன்.

மார்ச் 9

குழாய் மறுபடி சொட்டுகிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் குஷி.

மார்ச் 10

சகலை வந்து கழற்றினார். வாஷர் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். தெரிந்துவிட்டது. போச்சு, மானம் போச்சு.

"வாஷர் தரமில்ல அண்ணி, என் தப்புதான்" என்றார் இவளிடம். என்னைத் திட்டியிருக்கலாமே! நல்லவராகவும் இருந்து தொலைக்கிறாரே, நான் என்னதான் செய்வேன்?

மார்ச் 22

மச்சினி போன் செய்தாள். "அத்தான், எங்க பாத்ரூம் குழாய் ரெண்டு மாசமா சொட்டுது. ஊர்க் குழாயெல்லாம் பாப்பாரு, இங்க மட்டும் நாளைக்கு நாளைக்குன்னு. நீங்க வர்றீங்களா?"

வர்றீங்களாவா! பறந்துபோனேன். இரண்டு தடவை பக்கத்தில் நின்று பார்த்ததை அப்படியே செய்தேன். சொட்டு நின்றது. "அத்தானுக்கு என்ன கை ராசி!" என்று மச்சினி தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். சகலை சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், இந்த மாதம் முழுக்க நான் சிரித்ததுதான்.

காபி குடித்துவிட்டு, மறந்துபோன ஸ்பேனரை எடுக்க பாத்ரூம் பக்கம் போனேன். அது சகலை கையில் இருந்தது. குழாய்ப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன்.

மார்ச் 27

காலையில் மச்சினி போன். குழாய் மறுபடி சொட்டுகிறதாம்.

"வாஷர் தரமில்லம்மா, என் தப்புதான்" என்றேன். "சாயங்காலம் வந்து மாத்தித் தர்றேன்."