செங்கல் நிறத்தில் ஒரு பிளக்

கதிர்காமக் கந்தன் துணை

பசறை வீதி,
பதுளை.
14.3.1957

என் அன்பு மகன் பழனிவேலுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. கந்தன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் தங்கச்சி ஞானேஸ்வரியும் சுகம். அந்தக் குளிர் தேசத்தில் நீ சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாய் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் படித்தால்தான் எங்கள் சுகம் முழுச் சுகம். போன மாதம் நீ போட்ட கடிதம் கிடைத்தது, பதில் தாமதம் என்று கோபிக்காதே. இந்த முறை சேதி ஒரு தாளில் அடங்காது, ஞானேஸ்வரியின் கொப்பியில் நடுத்தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன், அவள் முறைத்துக்கொண்டு நிற்கிறாள். நாங்கள் ரேஸுக்குப் போய் வந்தோம் மகனே! நம் கராஜ் கார் ஓடியது! முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் தாண்டிப் படித்துவிடாதே, சின்ன வயசிலிருந்தே நீ கதையின் முடிவைத்தான் முதலில் கேட்பாய்.

பாதிக் கதை உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. போன வருஷம் தைப்பொங்கல் மழையில் மடுல்சீமை ரோட்டில் ஒரு தோட்டத்துத் துரையின் ஸெஃபிர் கார் வளைவில் வழுக்கித் தேயிலைக்குள் உருண்டது. துரைக்கு ஒரு கீறல் இல்லை, காருக்கு முகமே இல்லை. தோட்டத்து ஆட்கள் நாற்பது பேர் தேர் இழுக்கிற மாதிரி வடம் பிடித்து மேலே ஏற்றினார்கள். துரை வேண்டாம் என்று தள்ளியதை மஹ்ரூப் முதலாளி கராஜுக்குக் கொண்டுவந்தார். அவருடைய மச்சான் அஸீஸ், லொறியையே ரேஸ் கார் மாதிரி ஓட்டுகிறவன், இதை ரேஸுக்கு ஆக்கலாம் என்று சொன்னதுதான் தாமதம், உன் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து ஒரு வருஷம் அவர் வீட்டுக்கு விருந்தாளி. பாரம் குறைய வேண்டும் என்று பின் சீட்டைக் கழற்றினார்கள், அது இப்போது நம் வீட்டு முன்னறையில் கிடக்கிறது, வருகிறவர்கள் எல்லாம் அதில்தான் உட்காருகிறார்கள், போன வாரம் போஸ்ட்மாஸ்டர் உட்கார்ந்தவர் எழுந்திருக்க மனமில்லாமல் இரண்டு தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். எஞ்சினின் தலையைச் சீவி அழுத்தம் கூட்டினார், புகை போகும் குழாய்களைத் தானே வளைத்து ஒட்டினார், பிரேக் சூடாகாமல் காற்றுப் போக முன்னால் துளை வெட்டினார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஸித்தி ஸுபைதாவின் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன, அவள் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. இவ்வளவு செய்தும் வேகம் ஒரு அளவுக்கு மேல் ஏறவில்லை. பெட்ரோலைக் காற்றோடு கலந்து ஊட்டுகிற காபரேட்டர் ஒன்று, சிலிண்டர் ஆறு. "ஆறு புள்ளைக்கு ஒரே சங்குல பால் ஊத்துற மாதிரி இருக்கு" என்று சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே புலம்புவார்.

இங்கேதான் நான் உன்னிடம் ஒரு பொய்யை ஒத்துக்கொள்ள வேண்டும். தீபாவளிக்கு நீ மூன்று காபரேட்டர் அனுப்பினாயே, அப்பா பார்த்துச் சந்தோஷப்பட்டார் என்று எழுதினேனே, அது பொய். அவர் பார்சலைத் தொடவே இல்லை. கொழும்புக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நீ தோட்டத்துச் சின்னத்துரையோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினாயே, அன்றிலிருந்து இரண்டு வருஷமாய் அவர் வாயில் உன் பேர் வந்ததில்லை. எனக்குப் பிறகு என் மகன்தான் இந்தக் கராஜில் மெக்கானிக் பாஸாய் நிற்பான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்த மனுஷன். உன்னைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் "ஒன் மகன்" என்பார், நான் மட்டும் தனியாய்ப் பெற்றுக்கொண்ட மாதிரி. பார்சல் ஊறுகாய்ச் சாடிக்குப் பக்கத்தில் கட்டிலுக்கடியில் கிடந்தது. தை பிறந்ததும் என் பொறுமை போய்விட்டது. ஒரு நாள் பகல் சாப்பாட்டுக் கூடையில் பார்சலை அடியில் வைத்து மேலே சோற்றுக் கேரியரை வைத்து அனுப்பினேன். அன்று கேரியர் அப்படியே திரும்பி வந்தது, மூடிகூடத் திறக்கவில்லை. என்னங்க சாப்பிடலையா என்று கேட்டேன். "வீட்ல பழைய பல்லு பிரஷ் இருக்கா? சின்னத் தொளையெல்லாம் தொடைக்கணும்" என்றார். நான் சமையலறைக்குள் ஓடிப் போய் அழுதேன். நீ உள்ளே வைத்திருந்த கடிதத்தை மட்டும் என் பக்கம் நீட்டினார். "காயிதம் ஒனக்கு, சாமான் கராஜுக்கு" என்றார். மனுஷனுக்கு வீம்பு மட்டும் குறையவில்லை.

நீ எழுதியிருந்ததைச் சாப்பாட்டு வேளையில் சொன்னேன். மலையில் காற்று மெல்லிசு, கடலோரத்தில் கனம், பதுளையில் சரிபண்ணிய காபரேட்டர் ரேஸ் நடக்கிற கடலோரத்துக்குப் போனால் பெட்ரோல் போதாமல் எஞ்சினைச் சுடும் என்று நீ எழுதியதை எனக்குப் புரிந்த மட்டும் சொன்னேன். "ஒன் மகன் டவுசர் போடாத காலத்துலேருந்து நான் எஞ்சின் பாக்குறேன், காத்துல என்னாடி மெல்லிசு கனம், அது என்ன சேலையா" என்று கை கழுவிக்கொண்டார். மூன்றையும் மாட்டிப் பசறை ரோட்டில் ஏற்றி இறக்கி ஓட்டிப் பார்த்தார்கள், எஞ்சினுக்குள் பொறி தட்டுகிற பிளக்கைக் கழற்றினால் அழகான செங்கல் நிறம், அந்த நிறம் வந்தால் எஞ்சின் சரியாய்ச் சாப்பிடுகிறது என்று அர்த்தமாம். எனக்கும் அது போதுமென்றுதான் பட்டது. கிளம்புகிற அன்று நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன், எஞ்சினுக்கும் கொஞ்சம் விபூதி போடப் போனவளை உன் அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார், காபரேட்டர் வாய்க்குள் விழுந்தால் சாமியே வந்தாலும் வண்டி கிளம்பாது என்றார்.

உன் அப்பாவும் அஸீஸும் காரிலும் நாங்கள் லொறியிலுமாய் பெரகலை மலைப்பாதை வழியாய் இறங்கினோம். எனக்கும் ஞானேஸ்வரிக்கும் கடல் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அம்மாடி, எவ்வளவு தண்ணீர்! உன் அப்பா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மற்றவர்களின் கார்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். யுத்த காலத்தில் போட்ட பழைய விமான ஓடுபாதைதான் ரேஸ் திடல். கொழும்புக்காரர்களின் கார்கள் கண்ணாடி போல மின்னின, நம்முடையதோ லொறிக்கு அடித்து மிஞ்சிய பச்சை. இதில் தேயிலை ஏற்றுவீர்களா என்று ஒருவன் கேட்டான். அஸீஸ் சிரித்தான், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தபோது வந்தது வினை. இரண்டாம் சுற்றிலேயே கார் இருமியது, முன்னால் டப் டப் என்று வெடித்தது, சூடு ஏறி ஆவி கிளம்பியது. உன் அப்பா ஆறு பிளக்கையும் கழற்றிச் சாக்கில் வரிசையாய் வைத்தார். ஆறும் வெள்ளை, விபூதி பூசின மாதிரி. பெட்ரோல் கெட்டது என்றார்கள், மாற்றினார்கள், அப்படியே. கண்ணேறு என்றார்கள், நான் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன், அப்படியே. கடைசியில் மஹ்ரூப் முதலாளி உன் அப்பாவின் தோளில் கை வைத்து, "பாஸ், இப்பிடியே ஓட்டினா பிஸ்டன் ஓட்டையாகும். ஒரு வருஷ ஒழைப்பு. ஓடாமலே ஊருக்குக் கொண்டு போயிருவோம்" என்றார். உன் அப்பா டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். தேயிலை ஏற்றுவீர்களா என்று கேட்டவன் அந்தப் பக்கமாய்ப் போனான், இவர் தலை நிமிரவில்லை. அந்த மாதிரி அவரை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், உன் கப்பல் போன அன்று.

உன் கடிதம் என் சுருக்குப்பையில் இருந்தது. இரண்டு மாதமாய் அங்கேதான் இருக்கிறது, ஏன் வைத்திருந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாலு ஆம்பிளைகள் நடுவில் புருஷனிடம் நீங்கள் பிழை, மகன் சரி என்று சொல்வதற்கு எனக்கு நாக்கு எழவில்லை. பிறகு, திட்டினால் திட்டட்டும் என்று பிரித்து உரக்கப் படித்தேன். ஒவ்வொரு காபரேட்டரின் அடியிலும் ஆறு முகமுள்ள நட்டு ஒன்று இருக்கிறது, அதை இரண்டு முகம் கீழே இறக்கச் சொல்லுங்கள், பெட்ரோல் கூடிச் செங்கல் நிறம் திரும்பி வரும் என்று நீ எழுதிய இடம் வரைக்கும் நிறுத்தாமல் படித்தேன். எல்லோரும் உன் அப்பாவையே பார்த்தார்கள். அவர் தரையையே பார்த்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி படி" என்றார். படித்தேன். எழுந்து ஸ்பேனரை எடுத்தவர், "ரெண்டு முகமா? சரியாப் பாருடி, மூணுன்னு இருந்துறப் போவுது" என்றார். இரண்டுதான் என்று தாளைக் கண்ணுக்கு நேரே காட்டினேன். ஒரு கணம் உன் கையெழுத்தைப் பார்த்தார், பிறகு பொனட்டுக்குள் குனிந்தார். மூன்றையும் திருப்பி முடித்து அஸீஸ் எஞ்சினைக் கிளப்பியதும், அட, அதே எஞ்சினா இது, பாட ஆரம்பித்துவிட்டது!

ஞாயிற்றுக்கிழமை பதினொரு கார், பத்துச் சுற்று. முதல் நாள் இருமியதால் நம்மைக் கடைசியில் நிறுத்தினார்கள். கொடி இறங்கியதும் நான் ஒரு பெட்ரோல் பீப்பாய் மேல் ஏறிவிட்டேன், எப்படி ஏறினேன் என்று தெரியாது, கீழேயிருந்து மஹ்ரூப் முதலாளி "எறங்குங்க தாத்தா, விழுந்துருவீங்க" என்று கத்துகிறார், முஸ்லிம் ஆட்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள், அதற்கு ஞானேஸ்வரி சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. நேர்ப் பாதையில் நம் கார் போன வேகத்தைப் பார்த்து நான் பீப்பாய் மேலேயே குதித்தேன். ஆனாலும் மகனே, நாம் பிடித்ததெல்லாம் வளைவில்தான். அவர்கள் எல்லாம் வளைவுக்கு முன்னாலேயே பிரேக் பிடிக்கிறார்கள், பசறை ரோட்டில் பழகிய அஸீஸின் கால் கடைசி வரைக்கும் பிடிக்காது. ஏழாம் சுற்றில் நான்காவது, ஒன்பதில் மூன்றாவது, கடைசி வளைவில் அந்தத் தேயிலைக்காரனைத் தாண்டி இரண்டாவது! முதலாவது வந்த கார் ஒரு கார் நீளம்தான் முன்னால். என் தொண்டை கட்டி இன்றுவரை தேறவில்லை. உன் அப்பா ஒரு சுற்றும் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார்.

முடிந்ததும் ஒரு கொழும்புப் பெரியவர் பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, இதை யார் சரிபண்ணியது என்று கேட்டார். உன் அப்பா துணியில் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார், "நானும் எம் மகனும்ங்க. அவன் இங்கிலாந்துல இருக்கான்." ஒன் மகன் இல்லை பழனி, எம் மகன். நான் என் காதால் கேட்டேன்.

இனி என் புத்திமதி, கேட்டுத்தான் ஆக வேண்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்க்க முடியாவிட்டாலும் தலையில் கொஞ்சமாவது வை. கம்பளிச் சட்டை ஒன்றோடு நிற்காதே. நீயும் அங்கே வேகமாய் ஓட்டுகிறாய் என்று எழுதியிருந்தாய், அதைப் படித்துவிட்டு நான் பட்ட பாட்டை ஞானேஸ்வரியிடம் கேள். முக்கியமாய் ஒன்று, இனிமேல் எஞ்சின் விஷயம் எனக்கு எழுதாதே, எனக்கு நட்டும் தெரியாது முகமும் தெரியாது, அவருக்கே நேராய் எழுது, மேலுறையிலும் அவர் பேரையே போடு. இதோடு ஒரு சின்னப் பார்சல் வருகிறது, ரேஸ் முடிந்த சூட்டில் உன் அப்பா கழற்றிய பிளக் ஒன்று. நாலு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார், துவைக்கக்கூடக் கொடுக்கவில்லை. நேற்றுத்தான் துணியில் சுற்றி, "இத அனுப்பு" என்றார். கதிர்காமக் கந்தன் உன் கைக்கும் காலுக்கும் காவல் இருக்கட்டும், நீ நீடூழி வாழ வேண்டும்.

என்றும் உன் நினைவில் உள்ள அம்மா,
வீ. ரெங்கம்மா

கீழே இருப்பது அப்பாவின் எழுத்து, கிரீஸ் கறைக்கு நான் பொறுப்பில்லை.

பழனி, பிளக் நிறம் பார். நீ சொன்ன ரெண்டு முகம் சரி. நடு காபரேட்டர் மட்டும் இன்னும் கொஞ்சம் வெளுப்பு. அங்கே அதற்கு என்ன செய்கிறார்கள். உடனே எழுது.
அப்பா