அசையக் கூடாத கால்

12-11-2009, வியாழன்

நடுக்குவாத ஆராய்ச்சிக்கு என் வீட்டுக்காரரை எடுத்துக்கொள்ள முடியாது என்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இன்று சொல்லிவிட்டார்கள். ஸ்கேனுக்குள் படுத்து, காலை அசைக்காமல், அசைப்பதாக மனதில் மட்டும் நினைக்க வேண்டும். மூளை வேலை செய்தால் எதிரே திரையில் ஒரு கோடு ஏறும். அதைப் பார்த்துப் பழகினால் நடை தேறலாமாம்.

கோடு நன்றாகவே ஏறியது. ஆனால் காலும் அசைந்துவிட்டது.

"என்னங்க நெனச்சீங்க?" என்றார் டாக்டர்.

"ஓவர்லாக் மெஷின்ல உக்காந்து பெடல மிதிக்கறதா நெனச்சனுங்க."

பனியன் கம்பெனியில் இருபது வருடம் தைத்த மனுஷன். வீட்டு நிலைப்படியில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும் கால், அசையக் கூடாத இடத்தில் போய் மிதித்திருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார். "ஏம்புள்ள, கம்பெனில பீஸ் கெட்டா ஆல்டர் பண்ணத் திருப்பித் தருவீங்கல்ல? இங்க அப்படி இல்லியா?"

நான் தைத்த பீஸ்களைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருப்பவள். எது ஆல்டருக்குப் போகும், எது ரிஜெக்ட் என்று பார்த்ததுமே தெரியும். டாக்டர் ஃபைலை மூடியபோதே தெரிந்துவிட்டது.

"அடுத்த வாரம் கேட்டுப் பாக்கலாங்க" என்றேன்.