வளைகாப்புப் பந்தியில் ரொட்டியும் சம்பலும்

சம்பந்தியம்மா,

முதலில் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் மீன் மார்க்கெட்டில், பட்டப்பகலில், ஒரு மாசிக் கருவாட்டுத் துண்டை மூக்கோடு வைத்துக்கொண்டு நான் அழுதேன். ஏதோ கண் கலங்கியது என்று நினைக்காதீர்கள். மூக்கை உறிஞ்சி, முந்தானையில் துடைத்து, முறையாக அழுதேன். கடைக்காரர் மிரண்டுபோய், "ஆன்ட்டி, மால் கராப் நஹி ஹை" என்றார். சரக்கு கெடவில்லை என்று சத்தியம் செய்கிறார்; கெட்டுவிட்டது என்று நான் அழுகிறேனாம். நான் அழுகையை நிறுத்தாததில் விலையையும் குறைத்துவிட்டார். குறைத்த விலைக்கே வாங்கி வந்தேன். அழுகை வேறு, பேரம் வேறு; என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா.

அந்த வாசனை உங்கள் வண்டூர் சமையலறையின் வாசனை. என் மகனுக்கு உங்கள் சுகந்தியைப் பெண் பார்க்க வந்த அன்று முதன்முதலாக என் மூக்கில் ஏறியது. பெண் பார்க்கப் போனால் சொஜ்ஜியும் பஜ்ஜியும் தருவார்கள் என்று காலையில் பாதி வயிறாகக் கிளம்பி வந்தவள் நான். நீங்கள் வட்ட வட்டமாகத் தேங்காய் ரொட்டியும், மாசி போட்ட தேங்காய்ச் சம்பலும் கொண்டுவந்து வைத்தீர்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நாங்கள் மதுரைப் பக்கத்திலிருந்து அரசாங்க வேலைக்கு வந்து போர்ட் பிளேரில் ஒட்டிக்கொண்டவர்கள். எங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. நீங்கள் இலங்கைத் தேயிலை மலையில் பிறந்து, நிக்கோபாரில் கட்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, சுனாமிக்குப் பிறகு வண்டூருக்கு வந்து சேர்ந்தவர்கள். "பெண் பார்க்கும்போது இனிப்பு வைப்பதுதான் வழக்கம்" என்று நான் மெல்ல இழுத்தேன். "பஸ்ஸுல குலுங்கி வந்திருக்கீங்க. மொதல்ல பசி அடங்கட்டும், பொறவு பொண்ண பாருங்க" என்றீர்கள். என் வீட்டுக்காரர் அதற்குள் நாலாவது ரொட்டியில் இருந்தார். பெண்ணை அவர் சரியாகப் பார்த்தாரா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்.

அன்று தொடங்கியது நம் இருவர் சண்டை. என் சாம்பாரைக் கல்யாண வீட்டில் நீங்கள் "பருப்புத் தண்ணி" என்று யாரிடமோ சொன்னது என் காதுக்கு வந்தது. உங்கள் மீன் குழம்பை நான் "தேங்காய்ப்பால் பாயசம்" என்று சொன்னது உங்கள் காதுக்குப் போக வேண்டும் என்பதற்காகவே நாலு பேரிடம் சொன்னேன். கடைசியாக ஆஸ்பத்திரிக்கு நான் ரசம் வைத்து எடுத்து வந்தபோதுகூட, இரண்டு வாய் குடித்துவிட்டு "மொளகு பத்தல" என்றீர்கள். அதுதான் நீங்கள் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை. பகவத் கீதை மாதிரி ஏதாவது சொல்லிவிட்டுப் போவீர்கள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று சுகந்திக்கு வளைகாப்பு.

நீங்கள் நடத்த வேண்டியது. நடத்தி முடித்துப் பெண்ணை உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியது. உங்கள் வீட்டுக்கார அண்ணன் வண்டூரில் தனி ஆளாக இருக்கிறார். தனக்கே கஞ்சிதான் வைத்துக்கொள்கிறார். எனவே பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது என்பது எங்கள் முன்னறையிலிருந்து பின்னறைக்கு அனுப்புவதாகிவிட்டது. மாமியார், தாய் இரண்டு வேஷமும் நான்தான். வசனம்தான் சரியாகப் பாடமில்லை.

எனக்கிருந்த ஒரே கவலையை உங்களிடம்தான் சொல்ல முடியும். நீங்கள் போனதிலிருந்து சுகந்தி எதையும் குறை சொல்வதில்லை. முன்பெல்லாம் நீங்கள் டிபன் பாக்ஸோடு வந்து இறங்கினால், மூடியைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். உப்பில்லை, புளிக்குது, போன தடவை மாதிரி இல்லை. நீங்கள் ஏசுவீர்கள், அவள் ஏசுவாள், டப்பா காலியாகும். நான் எட்ட நின்று பொறாமைப்படுவேன். எனக்குக் கிடைத்ததெல்லாம் "நல்லா இருக்கு அத்தை" ஒன்றுதான். ஓட்டலில் பில் கட்டிவிட்டுப் போகிறவர்கள் சொல்கிற மாதிரி. மசக்கை வந்தபோதாவது மாங்காய் வேண்டும், அடுப்புச் சாம்பல் வேண்டும் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. வைத்ததைத் தின்றாள், வாந்தி எடுத்தாள், "நல்லா இருந்துச்சு அத்தை" என்றாள்.

அதனால்தான் வளைகாப்பில் ஐந்து சாதத்தோடு உங்கள் ரொட்டியும் சம்பலும் என்று முடிவு செய்தேன். தாய்வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்தாலாவது வாய் திறப்பாள் என்று. "வளைகாப்புல கருவாடா? ஊர் சிரிக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். நாலாவது ரொட்டியை ஞாபகப்படுத்தினேன், பாதிக்கு இறங்கி வந்தார். மாசி போட்டது ஒரு சட்டி, போடாதது ஒரு சட்டி என்று சமாதானம் ஆயிற்று.

அழைப்பதில்தான் கோட்டை விட்டேன். வீட்டோடு சிறிதாக என்றுதான் நினைத்தோம். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் "பஸ், ஐஸே ஹி ஆ ஜானா" என்று சொல்லிவைத்தேன், சும்மா வந்துவிட்டுப் போங்கள் என்று. நம் தீவில் சும்மா வருகிறவர் யார்? பக்கத்து வீட்டு மண்டல் பாபி இடுப்பில் கை வைத்து, வங்காளிகள் முறையில் பிள்ளைத்தாய்ச்சிக்கு மீன் தலை கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு மூளை எங்கிருந்து வரும் என்று கேட்டாள். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரி லட்சுமிகாரு, உங்கள் ஊர்ப் புளியோதரையை நம்பி நான் வர முடியாது, எங்கள் புளிஹோராவை நானே கொண்டுவருகிறேன் என்றாள். எங்கள் பந்தி சைவம் என்று பாபியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். உன் அடுப்பில் கருவாடு மணக்கிறதே என்றாள். பேச்சை மாற்றினேன்.

இதற்கு நடுவில் கடல் சரியில்லை என்று மெயின்லேண்ட் கப்பல் வரவில்லை. எலுமிச்சம்பழம் தங்கமாகிவிட்டது. எலுமிச்சை சாதம் மாங்காய் சாதமாக மாறியது. தேங்காய்க்கு மட்டும் குறைவில்லை. அண்ணன் வண்டூரிலிருந்து இரண்டு சாக்கு கொண்டுவந்து இறக்கிவிட்டு, யாரையும் பார்க்காமல் உரிக்க உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரமாகச் சம்பல் ஒத்திகை வேறு. தினமும் அரைத்து, தினமும் சுகந்திக்கு ஒரு கரண்டி. தினமும் "நல்லா இருக்கு அத்தை". என் வீட்டுக்காரருக்குத்தான் வயிறு கெட்டது.

நேற்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முற்றத்தில் போட்ட நாற்காலி போதாமல், ஜனம் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டது. இரண்டு புளிச்சாதமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து முறைத்துக்கொண்டன. பாயசம் மூன்று வீட்டிலிருந்து வந்தது. மண்டல் பாபி மீன் தலையை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து, ஊட்டியும் விட்டாள். வளையல் அடுக்கும்போது உங்கள் இடத்தில் யார் நிற்பது என்று ஒரு நொடி எல்லோரும் தயங்கினார்கள். நான்தான் போய் நின்றேன். முழங்கை வரை கண்ணாடி வளையலோடு சுகந்தி மகாலட்சுமி மாதிரி உட்கார்ந்திருந்தாள். ரொட்டியைப் பிய்த்து, சம்பலில் தொட்டு, நானே அவள் வாயில் வைத்தேன். மென்றாள். அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நல்லா இருக்கு அத்தை."

எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அப்புறம் வந்தவர்களுக்கெல்லாம் சிரித்துச் சிரித்துப் பரிமாறினேன். சிரித்தது வாய் மட்டும்தான்.

சாயங்காலம் கூட்டம் கலைந்து, நான் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். வளையல் சத்தம் கேட்டது. நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"அத்தை, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"பசிக்குது. நூடுல்ஸ் போட்டுத் தாறீங்களா?"

சுற்றிலும் பார்த்தேன். ஐந்து சாதம், இரண்டு சட்டி சம்பல், மூன்று பாயசம். "இவ்வளவு இருக்கேடி. சம்பல்ல என்ன குறை?"

உள்ளே வந்து சம்பல் சட்டியின் மூடியைத் திறந்தாள். பிறகு உங்கள் முகத்தை அப்படியே எடுத்து மாட்டிக்கொண்டாள். "அம்மா உரல்ல இடிப்பாங்க. நீங்க மிக்ஸியில நைஸா அரைச்சுட்டீங்க. அது சம்பல் இல்ல அத்தை, சட்னி. ஒரு வாரமா சட்னி தின்னுட்டு இருக்கேன்."

சம்பந்தியம்மா, எனக்கு வந்த சந்தோஷத்தில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். முன்னறையில் படுத்திருந்த மனுஷனை எழுப்பி, "கேட்டீங்களா, என் சம்பல் சட்னியாம்" என்றேன். வளைகாப்பு அலுப்பில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பார்த்தார். உங்களிடமிருந்து எனக்கு நகை வரவில்லை, நிலம் வரவில்லை. அவளிடம் ஏச்சு வாங்குகிற வேலை வந்திருக்கிறது. அதை இனி யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. நாளைக்கே ஒரு உரலுக்குச் சொல்லிவைக்கப் போகிறேன்.

நூடுல்ஸ் கொதிக்கும்போது, இத்தனை இருக்க இதை ஏன் கேட்டாய் என்றேன். "இதுக்குத்தான் மசாலா பாக்கெட்லயே வருது. யாரு போட்டாலும் கெட்டுப்போகாது" என்றாள்.

நான் பழக்கதோஷத்தில் ஒரு கரண்டி உப்பு போட்டிருந்தேன். ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள்.