சிங்கத்தின் வலக்கண்

என் ஆசைத் தம்பி குகனுக்கு,

நீ போய் இருபத்தாறு நாள். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு உன் நினைவு மலரை அச்சடிக்கும் வேலை வேறு எங்கே போகும், சூரிச்சில் என் கடைக்குத்தான் வந்திருக்கிறது. கலியாண அல்பம், கடைப் பலகை, செத்தவீட்டுப் புத்தகம் என்று எத்தனையோ வருடமாகச் செய்யும் தொழில். ஆனால் உன் புத்தகத்தில் கை ஓடவில்லை.

நேற்று உன் மனைவி வசந்தி வந்து பக்கங்களைச் சொன்னாள். முன் அட்டையில் நீ. உள்ளே தேவாரம், குடும்பத்தார் பெயர்கள். பின் அட்டை முழுவதும் நீ எடுத்த சிங்கப் படம். "நீங்கள் திருத்தினது வேண்டாம் அண்ணை. அவர் எடுத்த மாதிரியே போடுங்கோ" என்றாள். நான் தலையாட்டி அனுப்பிவிட்டேன்.

அந்தப் படம் என்னிடம் இல்லை, குகன். எவரிடமும் இல்லை.

ஆஸ்பத்திரியில் தரை துடைத்து, மூன்று வருட லீவைச் சேர்த்து நீ தன்சானியாவுக்குப் புறப்பட்டபோது கடையில் வைத்து உன்னை நக்கலடித்தது நினைவிருக்கிறதா? "சிங்கத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள். நீ லீவு போட்டுப் பார்க்கப் போறாய்" என்றேன். நீ கமராப் பையைப் பூட்டிக்கொண்டே, "அது இலங்கைக் கொடியில வாளோட நிக்கிற சிங்கம் அண்ணை. இதுகளிட்ட வாள் இல்லை" என்றாய்.

திரும்பி வந்து மெமரி கார்டை அப்படியே என் கையில் தந்தாய். எல்லாவற்றிலும் ஒரு படத்தைத்தான் காட்டிக் காட்டிக் கதைத்தாய். காய்ந்த புல்லில் படுத்திருந்த கிழட்டுச் சிங்கம். இளம் ஆண் சிங்கங்கள் அடித்துக் கலைத்துவிட்டன, அடுத்த மழையைக் காணாது என்று ஜீப் ஓட்டியவன் சொன்னானாம். அது உன் பக்கம் முகத்தைத் திருப்பும்வரை அரை நாள் காத்திருந்தாயாம். வலக்கண் வெள்ளையாகப் பூத்திருந்தது. உதடு கிழிந்திருந்தது. முகம் முழுக்க இலையான் மொய்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது. இறந்தவரின் படம் என்று வீட்டார் கொண்டுவருவது பெரும்பாலும் பழைய அகதி அட்டைப் படம்தான். நான் கோட் போடுவேன், டை கட்டுவேன், தழும்பை அழிப்பேன், தலைமயிரைக் கறுப்பாக்குவேன். பார்த்ததும் "அப்படியே இருக்கிறார்" என்று அழுவார்கள். ஒருவரும் குறை சொன்னதில்லை. அந்தக் கைதான் உன் சிங்கத்திலும் போனது. வெளிச்சம் குறைந்த படத்தில் விழும் புள்ளிகளை எடுக்க மென்பொருளுக்குக் கொடுத்தேன். அது இல்லாத பிடரிமயிரை எல்லாம் தானாக வரைந்தது. இலையானைத் துடைத்தேன். உதட்டை ஒட்டினேன். நல்ல கண்ணைப் பிரதி எடுத்துத் திருப்பி, பூ விழுந்த கண்ணின் மேல் வைத்தேன். நான்கடி அகலத்தில் அடித்துக் கண்ணாடிக்குள் மாட்டினால் கடைக்கு ஆள் வரும் என்றும் நினைத்தேன்.

நீ வந்து வெகுநேரம் பார்த்தாய்.

"இது ஆர் அண்ணை?"

"உன்ரை சிங்கம்தான்."

"அதுக்கு ஒரு கண் தெரியாது. மற்றக் கண்ணால என்னைத்தான் பார்த்தது. இது ரெண்டு கண்ணாலயும் ஆரையோ பார்க்குது. பழைய படத்தைத் தாங்கோ."

பழைய படத்தின் மேலேயே புதியதைச் சேமித்திருந்தேன். கார்டையும் அழித்து ஆராவ் நகரில் ஒரு கலியாணத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருவன் தந்த படத்தைத் தொலைத்தேன் என்று நான் சொன்னால், பின்னேரத்துக்குள் அது நாட்டின் எல்லையில் இருக்கும் ஷாஃப்ஹவுசன்வரை போய்ச் சேரும். "கிடக்குது, வாற கிழமை தேடித் தாறன்" என்றேன்.

நாலு தரம் கேட்டாய். நாலாம் தரம், நீ துடைத்த அதே ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டாய். அப்போதும் நான் வாற கிழமை என்றேன். என் முகத்தைப் பார்த்தாய். பிறகு கேட்கவில்லை. உனக்குத் தெரிந்துவிட்டதா?

நேற்று வசந்தி போனதும், திருத்திய படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பழையபடி ஆக்கப் பார்த்தேன். வலக்கண்ணில் வெள்ளை விட்டேன். இலையான் போட்டேன். நன்றாகவே வந்தது, வசந்தியாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. உதட்டைக் கிழிக்கப் போனபோதுதான் கை நின்றது. எந்தப் பக்கம் கிழிந்திருந்தது? எனக்கு நினைவில்லை. எந்தப் பக்கம் கிழித்தாலும் பிழை என்று சொல்ல இனி ஆள் இல்லை.

இன்று காலை போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"படம் கேட்டு அண்ணைக்கு இனிக் கரைச்சல் குடுக்கக் கூடாது எண்டு சொன்னவர்" என்றாள். "பின் அட்டையில படம் வேண்டாம். இப்ப சொன்னதை அப்பிடியே எழுதிப் போடுங்கோ."

"கடைப்பேர் கெட்டுப்போகும் பிள்ளை."

"ஓம், கெடும்" என்றாள்.

அதனால்தான் உன் சிங்கம் இருக்கவேண்டிய இடத்தில் இந்தக் கடிதம் இருக்கிறது.

முன் அட்டைக்கு அவள் தந்தது உன்னைக் கடைசியாக எடுத்த படம். தலையில் மயிர் இல்லை, கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. அதில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. இதை வாசிப்பவர்களில் என்னிடம் படம் தந்தவர்கள் இருப்பார்கள். தந்த படத்தை வந்து கேட்கட்டும். இருந்தால் கையில் கொடுப்பேன். இல்லையென்றால் இல்லை என்று நின்ற இடத்திலேயே சொல்வேன். வாற கிழமை என்று இனி எவருக்கும் சொல்லமாட்டேன், தம்பி.

உன்னைக் காக்க வைத்த அண்ணை,
தவராசா