பனிக்காக அழுத சாயங்காலம்

என் பாட்டுக்காரி அம்புஜத்துக்கு,

எங்கே இருந்தாலும் சரி, கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு வா. இரண்டு வருஷமாக உனக்கு எழுத நினைப்பதும் பேனாவை மூடி வைப்பதுமாகவே இருந்தேன். எழுத என்ன இருந்தது? அழுகையை எழுதி யாருக்கு அனுப்புவது? இப்போது இருக்கிறது, அம்புஜம். சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்!

முதலில் வீட்டுச் சமாசாரம். உன் அண்ணா சௌக்கியம். அடுத்த மாதம் தெற்குத் தாலுக்காக்கள் மதராஸோடு சேருகின்றன. நாகர்கோவிலுக்குப் போகிறவர் யார், இங்கேயே தங்குகிறவர் யார் என்று அவர் ஆபீஸில் காபி ஆறிப்போகும் மட்டும் விவாதமாம். இவர் நம் வலியசாலைத் தெருவை விட்டு நகர மாட்டார், உனக்குத் தெரியாததா? உன் அம்மா சௌக்கியம் என்று எழுதினால் பொய். சமைக்கிறார், ஜபம் செய்கிறார், வாசலில் கோலம் போடுகிறார். பாட்டு என்றால் மட்டும் எழுந்து போய்விடுகிறார். அடுத்த வீட்டு ரேடியோவில் யாராவது ராகத்தை இழுக்க ஆரம்பித்தால் போதும், கிணற்றடியில் அவருக்கு ஏதாவது வேலை வந்துவிடும்.

நான் மட்டும் என்ன வாழ்ந்தது? சலங்கையைத் தொடவில்லை. இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்தபோது, புது நாட்டுப்பெண்ணுக்கு ஆடத் தெரியுமாம் என்று தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததே, நினைவிருக்கிறதா? நீ ஒருத்திதான் பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பை முடித்துக்கொண்டு ஓடிவந்து, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "மன்னி, நீ ஆடு, நான் பாடறேன். சிரிக்கறவா சிரிக்கட்டும், பல்லு சுளுக்காது" என்றாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு நவராத்திரிக்கும் மாதர் சமாஜத்தில் நாம் இரண்டு பேர்தான். சிரித்த மாமிகளே முன்வரிசைக்கு இடம் போட்டு வைத்தார்கள்.

அப்புறம் அந்த ஐப்பசி மழை, அந்தக் காய்ச்சல். ஒரு வாரம்கூட உன்னை எங்களிடம் விட்டுவைக்கவில்லை. போ, அதை இன்றைக்கு எழுத மாட்டேன்.

இந்த வருஷம் சமாஜத்துக் காரியதரிசி லலிதா மாமி விடாமல் வந்துவிட்டார். கூடவே ஒரு பெண்ணையும் அழைத்துக்கொண்டு. நல்ல சாரீரம், குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் பதத்தை எடுத்தாள்: "நேற்றுச் சொன்னதை இன்று மறந்தாரோ, தோழி." அம்புஜம், அவள் சுருதி சுத்தமாகத்தான் பாடினாள். எனக்குத்தான் கால் எழவில்லை. ஈர மாவில் நின்றதுபோல நின்றேன். நீ அந்த வரியை முதலில் கோபமாகப் பாடுவாய், பிறகு சந்தேகமாக, பிறகு 'சரி, போனால் போகட்டும்' என்கிற மாதிரி. உன் குரல் முன்னே போகும், என் கை பின்னால் வரும். முன்னே போக ஆள் இல்லாதபோது கை எங்கே வரும்?

முடியாது என்று சொல்லிவிட்டேன். லலிதா மாமி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஜானகி, உள்ளதைச் சொல்றேன், கேட்டுக்கோ. ரெண்டு வருஷம் போச்சு. இந்தத் தரமும் விட்டியானா, அப்புறம் நீ ஆட மாட்டே. இடுப்பும் வளையாது, மனசும் வளையாது. அதாக்கும் விஷயம்." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால்தான் வந்தது.

அந்த வாரம்தான் உன் அண்ணா ஆபீஸிலிருந்து இரண்டு டிக்கெட்டுடன் வந்தார். கடல் கடந்து ஒரு நடனக் கோஷ்டி வந்திருக்கிறதாம், பாலே என்று பெயராம், கட்டைவிரல் நுனியில் நின்று ஆடுவார்களாம். "நீ ஆடவேண்டாம், பாக்கலாமோல்லியோ?" என்றார். மனுஷர் தந்திரக்காரர் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

டவுன்ஹால் நிரம்பி வழிந்தது. சாலைக் கம்போளத்து வியாபாரிகள் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார்கள். திரை விலகியதும் நாலைந்து பெண்கள், கவிழ்த்த குடைபோலப் பாவாடை, அது முழங்கால்கூட வரவில்லை! உன் அண்ணாவுக்கு உடனே இருமல் வந்துவிட்டது. ஒருத்தி காலைக் காதுவரைக்கும் தூக்கினாள். எனக்குப் பின்னால் ஒரு மாமி "சிவ சிவா" என்றவள், கண்ணை மட்டும் மூடவில்லை. எனக்கு? சொல்கிறேன், சிரிக்காதே. சர்க்கஸ் என்று நினைத்தேன். உடம்பு வித்தை, அவ்வளவுதான், இதில் பாவமும் ரசமும் எங்கே இருக்கின்றன என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒருத்தி மட்டும் தனியாக வந்தாள்.

ஒல்லி. அழகி என்று சொல்ல முடியாது. பியானோவைத் தவிர வேறு வாத்தியம் இல்லை. முகத்தில் ஒரு சலனமும் இல்லை, கண் உருளவில்லை, புருவம் ஏறவில்லை. நம் ஊர் சபை சும்மா இருக்குமா? கதகளி பார்த்துப் பார்த்துப் பழகின ஜனம், கை அசைந்தால் அதற்கு அர்த்தம் தேடாமல் விடாது. என் இவருக்கு அடுத்த நாற்காலியில் ஒரு மலையாளி வக்கீல், கதகளிப் பைத்தியம். அவள் இரண்டு கையையும் தலைக்குமேல் வட்டமாகக் குவித்ததுதான் தாமதம், "நோக்கு, முத்ர நோக்கு! சந்த்ரன் உதிச்சு, நாயகன் வந்நில்ல. விரஹம், விரஹம்!" என்று, நிலா வந்தும் நாயகன் வராத கதையை ஆரம்பித்துவிட்டார். முன்வரிசை திரும்பி அவரிடம் அடுத்தது என்ன என்று கேட்டது. அவரும் சளைக்காமல் சொன்னார்: இப்போது தூது அனுப்புகிறாள், இப்போது தூது திரும்பி வந்துவிட்டது, இப்போது அவன் வேறொருத்தி வீட்டில். எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது! அது சந்திரன் இல்லை, பூர்ணகும்பம் என்று இவர் காதில் வாதாடிக்கொண்டிருந்தேன்.

சட்டென்று என் வாய் நின்றது. ஏன் தெரியுமா? அவள் ஒரு கையை விரித்தாள். சாதாரணமாக விரிப்பதுதான். கொஞ்ச நேரம் கழித்து அதே கையை, அதே பக்கம், மறுபடி விரித்தாள். முதல் தடவை மணிக்கட்டு கிளம்பி மற்றதெல்லாம் அதன் பின்னே போயிற்று. இந்தத் தடவை முழங்கையில் ஒரு கனம். மூன்றாம் தடவை தோள்பட்டைதான் புறப்பட்டது, கை வரவேயில்லை. சங்கதி, அம்புஜம்! ஒரே வரியை நீ மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிப் பாடுவாயே, அந்த மாதிரி மூன்று சங்கதி! வாயில் ஒரு சொல் இல்லை, விரலில் ஒரு முத்திரை இல்லை, ஆனால் அவள் சங்கதி போடுகிறாள்!

அதற்கு மேலும் ஒன்று. பியானோ ஓர் இடத்தில் இறங்கும்போது அவள் அதோடு இறங்கவில்லை. ஒரு நெல் நுனி அளவு பின்னால் நின்றாள், பிறகுதான் இறங்கினாள். என் தொடையை நானே அடித்துக்கொண்டேன். அது நீ 'தோழி'யை எடுக்கிற இடம்! தாளம் விழுந்த பிறகு, நாங்கள் எல்லாரும் காத்திருக்க, வருவாளோ மாட்டாளோ என்று மிருதங்கக்காரர் உன்னை முறைக்க, நிதானமாக வந்து உட்காருவாயே, அதே இடம்! கடலுக்கு அந்தப் பக்கம் பிறந்த ஒருத்திக்கு இதை யார் சொன்னார்கள்?

பிறகு அவள் எங்களுக்கு முதுகைக் காட்டினாள். நம் ஆட்டத்தில் சபைக்கு முதுகு காட்டுவது மரியாதை இல்லை. அவள் காட்டினாள், அந்த முதுகு அழுதது. தோள் எலும்புகள் இரண்டும் மெல்ல ஒன்றையொன்று தேடின. அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, குறைந்து, தரையோடு தரையாகிவிட்டாள். விழவில்லை, சாகவில்லை, குறைந்துபோனாள். வக்கீல் மேல்வேஷ்டியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் துடைக்கவே இல்லை.

அப்போது ஒருவர் மேடைக்கு வந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார். இப்போது பார்த்த நடனத்துக்கு விஷயம், வசந்தம் வந்த பிறகு ஜன்னல் விளிம்பில் மிச்சம் இருந்த ஒரு பிடி பனி, அது உருகுவதுதான் ஆட்டம் என்றார்.

"மஞ்ஞோ?" என்று வக்கீல் எழுந்தே விட்டார். "ஞான் இத்தற நேரம் கரஞ்ஞது மஞ்ஞினு வேண்டியாணோ?" பனிக்காகவா அழுதேன் என்கிறார் பாவம்! உன் அண்ணா அவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, "சாரமில்லை சார், போறது, நமக்கெல்லாம் ஐஸுன்னா கம்போளத்திலே மீன் பெட்டிலே போடறதாக்கும் தெரியும். அதுக்குப் போய் அழுதோமே, அது அந்தக் குட்டியோட சாமர்த்தியம்" என்றார். சபையே சிரித்தது. சிரித்துக்கொண்டே மறுபடி கண்ணைத் துடைத்தது. நாயகனும் இல்லை, தூதும் இல்லை, நாங்கள் படித்த முத்திரை ஒன்றுகூட அங்கே இல்லை. ஆனால் ஒன்று போகிறது, பிடித்து வைக்க முடியவில்லை என்பது மட்டும் அத்தனை பேருக்கும் பிசகாமல் விளங்கியிருக்கிறது. அது எதில் இருந்தது, அம்புஜம்? அந்த நெல் நுனியிலா?

ஆட்டம் முடிந்ததும் மாதர் சமாஜத்தின் சார்பில் மாலை போட லலிதா மாமி என்னையும் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். கிட்டத்தில் பார்த்தால் சின்னப் பெண். தோளில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு, நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தாள். மாமி சும்மா இருக்கவில்லை. இவளும் டான்ஸ் ஆடுகிறவள் என்று, பேச்சை மொழிபெயர்க்க வந்திருந்த துபாஷியிடம் சொல்லிவிட்டார். அந்தப் பெண் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். அடுத்து எங்கே ஆடுகிறீர்கள் என்று கேட்கிறாள் என்றார் துபாஷி.

என் வாய் முந்திக்கொண்டது. "இங்கேதான். வலியசாலையிலே. நவராத்திரிக்கு."

லலிதா மாமி என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்! வெளியே வந்ததும் உன் அண்ணா என்னைப் பழவங்காடிப் பிள்ளையாரிடம் அழைத்துப்போய்த் தேங்காய் உடைத்தார். வேண்டிக்கொண்டிருந்தாராம், கள்ளர்.

பாட யாரை அழைப்பது என்று கேட்டபோது, ஒருவரும் வேண்டாம், பிடிலும் மிருதங்கமும் போதும் என்றேன். பிடில்காரருக்குக் கோபம். "சாகித்யம் இல்லாம ஒரு பதமா? உப்பில்லாத பருப்பை எவனாவது திம்பனா, மாமி?" என்றார். வரிகள் எல்லாருக்கும் தெரியும், மாமா, நீங்கள் ராகத்தை மட்டும் விடாமல் பிடியுங்கள் என்று கெஞ்சினேன். 'தோழி' விழுகிற இடத்தில் என்னைப் பார்க்காதீர்கள், உங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருங்கள், நான் பின்னால் வருகிறேன் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு சம்மதித்தார்.

நேற்றுச் சாயங்காலம் ஆடினேன். கொலுவுக்கு முன்னால், தெரு முழுக்கக் கூடியிருக்க ஆடினேன்! பிடில் வரியை எடுத்தது. கோபமாக ஒரு தரம் கேட்டேன். சந்தேகமாக ஒரு தரம் கேட்டேன். அந்த வரி யாரைப் பார்த்துக் கேட்பது? தோழியைப் பார்த்து. இத்தனை வருஷமும் எதிரே ஒரு தோழி நிற்பதாகப் பாவனை செய்துதான் ஆடியிருக்கிறேன், அவளுக்கு முகம் கிடையாது. நேற்று எதிரே நீ நின்றாய். நாயகன் யார், அவன் வந்தானா, வராவிட்டால் எனக்கென்ன? நேற்றுச் சொன்னதை மறந்தது நீதானே, அடி! அதைக் கேட்டேன். மூன்றாம் தரம் கேட்கக் கையை எடுத்தேன், பிடில் விழுந்தது, தாளம் விழுந்தது, நான் விழவில்லை. நின்றேன். உனக்காக நின்றேன். பிறகு இறங்கினேன்.

எப்படி முடித்தேன் என்று தெரியாது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், கடைசி வரிசைத் தூணோரம் உன் அம்மா. வர மாட்டேன் என்று சொன்னவர், எப்போது வந்தாரோ! கிணற்றடிக்குப் போகிறவர் கடைசிவரை உட்கார்ந்திருந்திருக்கிறார். கூட்டம் கலைந்து, சுண்டல் தீர்ந்து, நாங்கள் இரண்டு பேரும் தெருவில் நடக்கிறோம். எப்படி இருந்தது என்று கேட்க எனக்குப் பயம். கோயில் முனை திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜானகி," என்றார், "அந்தத் 'தோழி' கிட்டே கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் எடுத்தாளே அம்புஜம். அவ பாட்டிலே எனக்கு அதாக்கும் ரொம்பப் பிடிக்கும்."

அடுத்த நவராத்திரிக்கும் ஆடுவேன், அதற்கடுத்ததற்கும், இடுப்பு வளைகிற மட்டும். அந்த இடம் வந்ததும் நிற்பேன். மிருதங்கக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். நீ அவசரப்படாதே. உன் அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அண்ணாவுக்குப் பெண்டாட்டி, ஆனால் உனக்குத்தான் முதலில்,
உன் மன்னி ஜானகி